பள்ளி நிலத்தின் பழைய கதை என்ன? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களைப் பற்றியவை. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வேலூர்ப் பக்கம் ஓர் அரசு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலராக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை. நோய்க்கு மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரிலும் மண்ணிலும் என்ன இருக்கக்கூடும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது, யாருக்கு எழுதிக் கேட்பது என்பதை என்னிடம் கேளுங்கள்.

கேள்வி: என் மகள் படிக்கும் பள்ளி மைதானத்தின் ஒரு மூலையில் மழை பெய்தால் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் தேங்குகிறது. அதில் விளையாடிவிட்டு வந்தால் காலில் அரிப்பு, சின்னச் சின்னப் புண். “அது துரு, மண்ணில் இரும்பு அதிகம்” என்கிறார்கள் பள்ளியில். பக்கத்தில் முன்பு ஒரு தொழிற்சாலை இருந்ததாம். நான் என்ன செய்வது?
– ஒரு தாய், ராணிப்பேட்டை மாவட்டம்

அம்மா, துருவா இல்லையா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்த்துவிடலாம். கையில் பாலிதீன் உறை மாட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பாட்டிலுக்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். இரும்பாக இருந்தால் செம்பழுப்பு வண்டல் அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருக்கும். அடியில் ஒன்றும் படியாமல் தண்ணீர் முழுக்க மஞ்சளாகவே நின்றால் குரோமியத்தைச் சந்தேகிக்க வேண்டும். இதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், துப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாவட்டம் என்பதால்தான் குரோமியத்தை முதலில் சொல்கிறேன். தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்த ஆலை ஒன்று ராணிப்பேட்டையில் 1990களின் நடுப்பகுதி வரை ஓடியது. அது விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. ஆலை மூடிய பிறகும் பல ஆண்டுகள், மழை பெய்தபோதெல்லாம் அந்த மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசிந்துகொண்டிருந்தது. பதனிடும் பீப்பாயில் போடுவது பெரும்பாலும் மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம். அதன் தீங்கு குறைவு. குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்டது, ஹெக்ஸாவேலன்ட் என்பார்கள். மஞ்சள் நிறம் அதனுடையது. தண்ணீரில் எளிதாகக் கரையும், மழையோடு நகரும், தோலில் பட்டால் புண்ணாக்கும், காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உங்கள் பள்ளி மூலையில் இருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் ஊரில் மஞ்சள் தண்ணீரைப் பார்த்துவிட்டு யாரும் பரிசோதிக்காமலே “துரு” என்று சொல்லக்கூடாது.

பரிசோதனைக்குக் கொடுக்கும்போது “தண்ணீரைச் சோதித்துத் தாருங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பரிசோதனைக் கூடம் கேட்டதைத்தான் தேடும். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் நிறம், கலங்கல், உப்பு, கடினத்தன்மை, இரும்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எல்லாம் வரும். ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் தானாக வராது. மொத்தக் குரோமியம், ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இரண்டையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு நம் நாட்டு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். மாதிரியை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்ச் சேருங்கள், நாளானால் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் உருமாறிவிடும். எங்கள் கூடத்துக்கு மக்கள் பழைய குளிர்பான பாட்டிலிலும் ஊறுகாய் ஜாடியிலும் கொண்டுவருவார்கள். அதில் வரும் முடிவை யாரும் நம்ப மாட்டார்கள். பாட்டிலைக் கூடத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

மண்ணையும் கொடுங்கள். ஆழத் தோண்ட வேண்டாம். பிள்ளைகள் தொடுவது மேல் மண்ணை, எனவே மேலிருந்து ஓர் அங்குலம் சுரண்டினால் போதும். மஞ்சள் மூலையில் ஒன்று, மைதானத்தின் பல இடங்களில் எடுத்துக் கலந்த ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க அதே ஊரில் ஆலை எதுவும் இல்லாத பக்கத்திலிருந்து ஒன்று. மூன்றாவதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல், “இந்த மண்ணே இயற்கையில் அப்படித்தான்” என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல முடியாது.

முடிவு வரும்வரை அந்த மூலைக்குக் கயிறு கட்டச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஷூ போட்டுக்கொள்ளட்டும். விளையாடி முடித்ததும் கைகால் சோப்புப் போட்டுக் கழுவட்டும். மகளை மருத்துவரிடம் காட்டும்போது மஞ்சள் தண்ணீரில் விளையாடியதைச் சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சேற்றுப்புண் என்று களிம்பு எழுதிக் கொடுத்துவிடுவார்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆர்.ஓ. இயந்திரம் வைத்திருக்கிறோம். டி.டி.எஸ். மீட்டரில் 60 காட்டுகிறது. இதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லையே?
– ஒரு தலைமை ஆசிரியர், தருமபுரி மாவட்டம்

ஐயா, அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்துள்ள மொத்த உப்பை மட்டும் தோராயமாகக் காட்டும். ஈயத்துக்குக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வரம்பைப் போல் பத்து மடங்கு ஈயம் இருந்தாலும் 0.1 மில்லிகிராம்தான். 60, 61 என்று முழு எண்ணாகக் காட்டும் கருவியில் அது எப்படித் தெரியும்? கிருமி ஒன்றுகூட அதில் தெரியாது. வியாபாரிகள் இந்த மீட்டரை வைத்து எல்லாரையும் நம்பவைத்துவிட்டார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

உங்கள் மாவட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஃபுளோரைடு. 1.0 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் முளைக்கும் பல்லிலேயே பழுப்புக் கறை விழும், நாள்பட்டால் எலும்பைப் பிடிக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காக வந்ததுதான், 2013இல் திறந்தார்கள். உங்கள் பள்ளிக்கு அந்தத் தண்ணீர் வருகிறதா, ஆழ்துளைக் கிணற்று நீர் வருகிறதா, இரண்டும் ஒரே தொட்டியில் கலக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் கலக்கிறது. ஆர்.ஓ. நன்றாக வேலை செய்தால் ஃபுளோரைடைப் பெருமளவு எடுத்துவிடும். உள்ளே வடிகட்டும் மெம்பிரேன் சவ்வு பழசானால் எடுக்காது. அதனால் உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் தனித்தனியாகக் கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி யாரும் கொடுக்கலாம். கிருமிப் பரிசோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும்.

முடிவு வந்ததும் அதை அலுவலக பீரோவில் வைக்காதீர்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை. குரங்கு குதித்துக் குதித்துச் சில ஷீட்டில் விரிசல் விட்டிருக்கிறது. பிள்ளைகளை உட்கார வைக்கலாமா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

டீச்சர், 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 பிள்ளைகள் கருகினார்கள். அதற்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்த இடங்களில் பலர் போட்டது இந்தக் கல்நார் ஷீட். தீப்பிடிக்காது, விலை குறைவு. அன்றைக்கு அந்த முடிவை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டு வெயிலும் மழையும் குரங்கும் பட்ட ஷீட், அன்று போட்ட ஷீட் இல்லை.

உடையாத, வலுவான ஷீட்டுக்குக் கீழே உட்காருவதால் உடனே பெரிய ஆபத்து இல்லை. சிமெண்டுக்குள் நார் பிணைந்திருக்கும். உடைந்தால், துளை போட்டால், ரம்பத்தால் அறுத்தால், உதிர்ந்த தூளைப் பெருக்கினால் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் வரும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாகச் சொல்லிவிட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் இன்னும் இறக்குமதி செய்து ஷீட் போடுகிறோம். நோய் தெரிய 20, 30, 40 ஆண்டுகூட ஆகும். ஏழு வயதில் சுவாசித்த பிள்ளைக்கு அந்த 40 ஆண்டும் முன்னால் கிடக்கிறது. பள்ளிக்கூரை என்றால் நான் கூடுதலாகக் கவலைப்படுவது அதனால்தான்.

விரிசல் விட்ட ஷீட்டுக்குக் கீழே இருக்கும் வகுப்பை நாளைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஷீட் மாற்றும் வேலையை மே விடுமுறையில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தெளித்து நனைத்து, முழு ஷீட்டாகவே இறக்க வேண்டும், மேலிருந்து போட்டு உடைக்கக் கூடாது. கனமான பாலிதீனில் சுற்றி எடுத்துப் போகட்டும். வேலை செய்பவர்களுக்கும் நல்ல முகக்கவசம் கொடுங்கள், அவர்களும் நம் பிள்ளைகள்தான். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள். உடைந்த துண்டுகளைச் சைக்கிள் நிறுத்தத்திலோ மைதானத்துப் பள்ளத்திலோ கொட்டிச் சமப்படுத்துவதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் கூரையில் இருந்ததைப் பிள்ளைகளின் காலடிக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று அர்த்தம்.

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வருகிறது. ஒதுக்கியுள்ள இடம், பத்து ஆண்டு முன்பு வரை ஊர்க் குப்பை கொட்டிய இடம். “மேலே இரண்டடி கிராவல் அடித்துச் சமப்படுத்தித் தருகிறோம், வேண்டாம் என்றால் நிதி திரும்பிப் போய்விடும்” என்கிறார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாங்கள் என்ன சொல்ல வேண்டும்?
– குழு உறுப்பினர், திருப்பூர் மாவட்டம்

முழு ஆய்வு முடியும்வரை ஏற்க முடியாது என்று தீர்மானம் போடுங்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கூட்டத்தில் உங்களுக்கு உதவும்.

அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் லவ் கால்வாய் என்று ஓர் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் லவ் என்பவர் மின்சாரத்துக்காக வெட்டத் தொடங்கிப் பாதியில் விட்ட கால்வாய். 1942 முதல் பத்து ஆண்டுக்கும் மேலாக ஹுக்கர் என்ற ரசாயன நிறுவனம் அதில் சுமார் 21,000 டன் கழிவைப் பீப்பாய் பீப்பாயாகப் போட்டு, மேலே களிமண் பரப்பி மூடியது. ஊரில் பிள்ளைகள் பெருகிப் பள்ளிக்கு இடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. 1953இல் அந்த நிலத்தைப் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். கீழே ரசாயனக் கழிவு இருக்கிறது, இதனால் யாருக்கு என்ன ஆனாலும் எங்களைக் கேட்கக் கூடாது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. மறைக்கவில்லை! படித்துவிட்டுத்தான் வாங்கினார்கள். கட்டும்போது கழிவுக் குழி தட்டுப்பட்டது. கட்டடத்தைச் சற்றுத் தள்ளிக் கட்டினார்கள், அவ்வளவுதான். 1955இல் பள்ளி திறந்தது. சுமார் 400 பிள்ளைகள் படித்தார்கள்.

இருபது ஆண்டு கழித்துக் கனமழையும் பனியும் பெய்து நிலத்தடி நீர் ஏறியது. மூடி வைத்தது மேலே வந்தது. லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாயின் மகன் அந்தப் பள்ளியில் சேர்ந்த பிறகு வலிப்பு நோய்க்கு ஆளானான். வேறு பள்ளிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று மருத்துவர் கடிதத்தோடு கேட்டார். மறுத்துவிட்டார்கள். அந்தப் பெண் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். தட்டிய வீடுகளில் எல்லாம் ஒரு நோய்க் கதை இருந்தது. 1978 ஆகஸ்ட் 2ஆம் தேதி மாநிலச் சுகாதார ஆணையர் பள்ளியை மூட உத்தரவிட்டார். ஐந்தாவது நாள் அதிபர் கார்ட்டர் அவசரநிலை அறிவித்தார். நச்சு நிலங்களைச் சுத்தப்படுத்த அந்த நாட்டில் 1980இல் வந்த சட்டத்துக்கு இந்தப் பள்ளியும் ஒரு காரணம்.

அது அந்தக் காலம், இப்போது யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று குழுவில் யாராவது சொல்லலாம். சீனாவில் சாங்சௌ நகரில் ஒரு பள்ளி 2015 செப்டம்பரில் புது வளாகத்துக்கு மாறியது. எதிரே, மூடப்பட்ட ரசாயன ஆலைகள் இருந்த நிலத்தைத் தோண்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். சில மாதங்களில் பிள்ளைகளுக்குத் தோல் தடிப்பு, மூக்கில் ரத்தம், இருமல். சுமார் 500 மாணவர்களின் உடலில் கோளாறு தெரிந்தது என்று 2016 ஏப்ரலில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியே செய்தி வெளியிட்டது. அங்கே நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்கும் முன்பே பள்ளியைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

உங்கள் ஊர்க் குப்பையில் அந்த அளவு ரசாயனம் இருக்காது. ஆனால் பேட்டரி, டியூப்லைட், மருந்து, பெயிண்ட் டப்பா எல்லாம் ஒரே இடத்தில் போயிருக்கும். திருப்பூர் மாவட்டம் என்பதால் சாயக் கழிவுச் சேறும் வந்து விழுந்ததா என்று கேளுங்கள். குப்பை மக்கும்போது மீத்தேன் வரும். காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்க ஒரு தீப்பொறி போதும். கிராவலால் அதை அடக்க முடியாது, சுவர் விரிசல் வழியாக வகுப்பறைக்குள் வரும். குப்பை அமுங்க அமுங்கத் தரை இறங்கிக் கட்டடத்தில் விரிசல் விழும். இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை: பள்ளி கட்டியதும் அதே வளாகத்தில் ஆழ்துளைக் கிணறு போடுவார்கள். குப்பைக்குள் ஊறி இறங்கிய நீரைத்தான் பிள்ளைகள் குடிப்பார்கள்.

2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே குப்பை நிரப்பிடம் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றும், மூடிய பிறகும் குறைந்தது 15 ஆண்டு கண்காணிக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். பத்து ஆண்டு ஆன இடத்தில் பள்ளியா என்று கேளுங்கள். வேறு நிலமே கிடையாது என்றால் சென்னைப் பெருங்குடிக் குப்பைக் கிடங்கில் செய்ததுபோல் பழைய குப்பை முழுவதையும் தோண்டிப் பிரித்து எடுத்துவிட்டு, அடிமண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, எழுத்தில் முடிவு வந்த பிறகு பேசலாம். தோண்டிச் சலித்த மண்ணை மைதானம் நிரப்பக் கொண்டுவருவதற்கும் சம்மதிக்காதீர்கள்.

நிதி திரும்பிப் போகும் என்பதைப் பற்றி: நிதியை அடுத்த ஆண்டும் கேட்டு வாங்கலாம்.

கேள்வி: எங்கட பாடசாலைக் கிணற்றில் சில வருடங்களுக்கு முன் எண்ணெய் மணந்தது. இப்ப மணம் இல்லை. கொதிக்க வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?
– ஓர் ஆசிரியர், யாழ்ப்பாணம்

சேர், சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த விஷயத்தை இங்கிருந்து நானும் கவனித்து வந்தேன். 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த மின் நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததால் கிணறு சுத்தமாகிவிடாது.

உங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். அதில் வெடிப்பும் குகையும் உண்டு, மணற்பாங்கான நிலத்தைப் போல் தண்ணீரை வடிகட்டாது. ஓரிடத்தில் விழுந்தது வேகமாக வேறிடத்துக்குப் போகும். மணம் போனதற்கு மழை நீர் கலந்து ஐதாகியதும் காரணமாக இருக்கலாம். எண்ணெயிலிருந்து பிரிந்து தண்ணீரில் கரையும் பென்சீன் மூக்குக்குத் தெரியாத அளவிலேயே தீங்கு செய்யும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். எனவே மூக்கை நம்பாமல், எண்ணெய் கிரீஸ், பென்சீன் வகைகள் இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். மழை முடிந்த கையோடு ஒரு தடவை, கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது ஒரு தடவை.

கொதிக்க வைப்பது கிருமிக்கு நல்லது. எண்ணெய்க்கு அதை நம்ப முடியாது. நைட்ரேட்டுக்கு நேர்மாறாகப் போகும்: தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட் செறிவு கூடும். வெங்காயத் தோட்டத்து உரமும் மலசலகூடக் குழியும் கிணற்றுக்கு அருகில் என்றால் நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், பாலர் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம். முடிவு வரும்வரை பவுசர் (லாரி) தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ குடிக்கக் கொடுங்கள். கிணற்று நீரைக் கழிப்பறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மா, நான் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்குப் பக்கத்து வயலில் மருந்து அடித்தால் வகுப்பில் நெடி தாங்க முடியவில்லை. தலைவலி வருகிறது. யாரிடம் சொல்வது?
– ஒரு மாணவி, திருவாரூர் மாவட்டம்

கண்ணு, நீ எழுதியது ரொம்பச் சரி. வகுப்பாசிரியரிடம் சொல். நீ மட்டும் இல்லாமல் தலைவலி வரும் எல்லாருமாகச் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள். நெடி வரும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்க அறைக்குப் போய்விடுங்கள். சத்துணவுத் தட்டும் தண்ணீர்த் தொட்டியும் திறந்து கிடக்க வேண்டாம்.

பெரியவர்களுக்கு: வயல்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெரும்பாலும் அவர் பிள்ளையும் அதே பள்ளியில்தான் படிக்கும். சனி, ஞாயிறு அல்லது பள்ளி விட்ட பிறகு, காற்று பள்ளிப் பக்கம் வீசாத நேரத்தில் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், கேட்பார். கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களுக்கு மேலே ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் என்ற பூச்சி மருந்தைத் தெளித்தபோது கீழே இருந்த ஊர்களுக்கு என்ன ஆனது என்பதை நாடே பார்த்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் தடை போடும்போது ஒரு தலைமுறைப் பிள்ளைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

மருந்து டப்பா எதையும் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள். கழுவிய டப்பாவும் கூடாது. பீகாரின் சரண் மாவட்டத்தில் 2013 ஜூலையில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சி மருந்து.

கேள்வி: பள்ளிக்குப் பின்புறம் ஒரு கொட்டகையில் பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து ராத்திரியில் உருக்குகிறார்கள். என் பேரனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, படிப்பில் கவனம் இல்லை. சம்பந்தம் இருக்குமா?
– ஒரு தாத்தா, கோயம்புத்தூர் மாவட்டம்

ஐயா, இருக்கலாம். வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, எரிச்சல், கவனக் குறைவு எல்லாம் ஈயத்தால் வரக்கூடியவை. வேறு பல காரணத்தாலும் வரும் என்பதால் ரத்தத்தில் ஈயம் பார்த்தால்தான் தெரியும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் கையில் இருக்கும் தூசி கலந்துவிடக்கூடும், ரத்தக் குழாயிலிருந்து எடுத்த ரத்தம் நல்லது. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வாய்வழி போகும் ஈயத்தில் பெரியவர் உடல் எடுத்துக்கொள்வதைப் போல் நான்கைந்து மடங்கைப் பிள்ளையின் உடல் எடுத்துக்கொள்ளும்.

செனகல் நாட்டில் டக்கார் நகரை ஒட்டிய தியாரோயே என்ற ஊரில் இதே தொழில்தான் நடந்தது. ஈயம் கலந்த மண்ணைப் பெண்கள் வீட்டு முற்றத்தில் சலித்து விற்றார்கள். 2007 கடைசியில் தொடங்கிச் சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மண்ணில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தார்கள்.

அந்தக் கொட்டகைக்கு அனுமதி இருக்கவே வாய்ப்பில்லை. பழைய பேட்டரி பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் போக வேண்டும் என்பது 2022 பேட்டரிக் கழிவு விதி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் புகார் கொடுங்கள். உருக்கும் வேலை ராத்திரியில் நடக்கிறது என்பதை எழுதுங்கள், பகலில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று போய்விடக் கூடாது. கொட்டகையை மூடினாலும் தூசி பள்ளி ஜன்னல் விளிம்பிலும் மைதானத்திலும் கிடக்கும். அதையும் சோதித்து மேல் மண்ணை மாற்றச் சொல்ல வேண்டும். அங்கே வேலை செய்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் ஈயம் அதிகம் ஏறியிருக்கும், அவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பேரன் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போக வேண்டாம். வயிறு காலியாக இருந்தால் ஈயம் அதிகம் ஏறும். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள சாப்பாடு அதைக் கொஞ்சம் தடுக்கும்: கீரை, கேழ்வரகு, முட்டை, பால்.

கேள்வி: நிலத்தின் பழைய வரலாற்றை எங்கே தேடுவது? மனுவை யார் யாருக்குக் கொடுப்பது?
– பலர்

முதலில் புல எண் (சர்வே நம்பர்). அது தெரிந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் பழைய அடங்கலையும் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றை எவ்வளவு பின்னால் கிடைக்குமோ அவ்வளவு ஆண்டுக்குப் போடுங்கள், முன்பு அது எந்த ஆலையின் பெயரில் இருந்தது என்று வந்துவிடும். கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை ஆண்டு ஆண்டாகத் தள்ளிப் பார்க்கலாம். இவ்வளவுக்கும் முன்னால் அந்த ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் போய் உட்காருங்கள். எந்தக் குழியில் எதைக் கொட்டினார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது, அவருக்குத் தெரியும். அவர் சொல்வதை வைத்துத்தான் எதைச் சோதிப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம். குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. தனியார் பள்ளி என்றால் பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதம். ஊராட்சியில் கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது, அதிலும் தீர்மானம் போடலாம். அப்புறம் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு. நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும். மாசுபட்ட நிலங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் வெளியிட்டது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் தர வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறித்த காலத்துக்குள் ஆய்வு செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் பள்ளி நிலத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கக் கோரி மனுவிலேயே எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: ஆய்வு நடந்ததா, அறிக்கை என்ன, நகல் தருக. 30 நாள் கெடு. அதற்கும் மேலே என்றால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், இழப்பீடோ நிலச் சீரமைப்போ கேட்பதென்றால் 5 ஆண்டு. அதனால் மஞ்சள் தண்ணீரை முதலில் பார்த்த தேதி, படம், பிள்ளையை மருத்துவரிடம் காட்டிய சீட்டு, முத்திரையிட்ட மனு நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். இன்னொரு நகல் வேறு ஒரு பெற்றோர் வீட்டில் இருக்கட்டும்.